ஏறாத கண்ணாடி: ஒரு சுவிட்சின் வரலாறும் அந்தமான் பெருஞ்சாலையும்

கடந்த மழைக்காலத்தில் கள ஆய்வுக்காக நடு அந்தமானின் ரங்கத் நோக்கிப் புறப்படவிருந்தேன். முந்தைய நாள் மாலை, வாடகை வண்டியின் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி கீழிறங்கியது, பின்னர் மேலேறவில்லை. வேறோர் ஊரில் இது சிறு தொல்லை. மழை பெய்தால் தோள் நனையும், அவ்வளவே. ஆனால் போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம்) வடக்கே செல்லும் அந்தமான் பெருஞ்சாலையில் திறந்த கண்ணாடி என்பது ஒரு வரலாற்றுச் சிக்கல். அந்த மாலையில் கற்றதையும், அதன்பின் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாலையைப் பற்றி. ஜிர்க்காட்டாங்கில் உள்ள சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஜாரவா மக்களின் காப்பகத்தினூடே இச்சாலை செல்கிறது. காவல்துறைத் துணையுடன், குறிப்பிட்ட நேரங்களில், வரிசையாகவே வண்டிகள் அனுப்பப்படுகின்றன. நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது, கண்ணாடிகளை இறக்கக் கூடாது. இவ்விதிகளின் பின்னணியில் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளது. அதற்கும் பின்னால் ஒரு நோய் வரலாறு உள்ளது. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை அமைத்தபோது பல்லாயிரவராக இருந்திருக்கக்கூடிய பெரிய அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். இடைப்பட்ட அழிவில் 1877இன் தட்டம்மைக்குப் பெரும்பங்கு உண்டு. ஜாரவாக்கள் 1997 முதல் அஞ்சாது வெளியே வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையேயும் தட்டம்மை பரவியது. சாலையின் அப்பகுதியை மூடுமாறு 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை இன்றும் திறந்தே இருக்கிறது. மூடப்பட வேண்டியவை வண்டிகளின் கண்ணாடிகளாகிவிட்டன.

எனவே அன்று மாலை எங்கள் முன்னிருந்த கேள்வி எளியது: விடிவதற்குள் கண்ணாடி ஏறுமா, அல்லது பயணத்தைக் கைவிடுவதா?

நகரின் ஓரத்தில் ஒரு சிறு பட்டறை. உரிமையாளர் தமிழர், உதவியாளர்களுடன் இந்தியில் பேசினார், எங்களுடன் தமிழில். நான் வண்டியிலிருந்து இறங்குவதற்குள், “மோட்டார் போயிருக்கும் அண்ணே” என்றார் எங்கள் ஓட்டுநர். “கீழ போகுதா?” என்று கேட்டார் மேஸ்திரி. போகிறது என்றோம். “அப்ப மோட்டார் மேல பழி போடாதீங்க” என்றார்.

அவர் சொன்னதன் தருக்கத்தை விரித்துரைப்பது பயனுடையது. கண்ணாடியை இயக்குவது ஒரு நேர்மின்னோட்ட மோட்டார். அதற்கு இரண்டே கம்பிகள். சுவிட்ச் ஓய்வில் இருக்கும்போது இரு கம்பிகளும் தரையிணைப்போடு சேர்ந்திருக்கும். கீழே அழுத்தினால் ஒரு கம்பி பன்னிரண்டு வோல்ட் பக்கம் மாறும். மற்றொன்று தரையிலேயே நிற்கும். மேலே இழுத்தால் இது தலைகீழாகும். மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஆகவே கண்ணாடி ஒரு திசையில் நன்கு இயங்கினால் மோட்டார் நலம், இரு கம்பிகளும் நலம், ஃபியூஸும் நலம். எஞ்சுபவை இரண்டு: மேலேற்றும்போது மட்டும் பயன்படும் தொடுமுனைகள், அல்லது கண்ணாடியே ரப்பர்ப் பள்ளத்தில் இறுகிக்கொள்வது. இறுகியிருந்தால் மோட்டார் முனகும். உள்விளக்கு சற்றே மங்கும். எங்கள் வண்டியில் முனகலும் இல்லை, மங்கலும் இல்லை. முழு மௌனம்.

அவர் ஊகத்தோடு நிற்கவில்லை. கதவின் உள்தட்டைக் கழற்றி, மோட்டாரின் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்தார். கீழே அழுத்தியபோது பன்னிரண்டு வோல்ட்டுக்கு அருகில் காட்டியது. மேலே இழுத்தபோது சுழி. குற்றவாளி மாஸ்டர் சுவிட்ச் என்பது உறுதியாயிற்று. (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வழியே மோட்டாரை இயக்கும் புதிய வண்டிகளில் இந்தச் சோதனை மட்டும் போதாது, அங்கே சுவிட்ச் ஆணையை மட்டுமே அனுப்புகிறது.)

சுவிட்சை வெளியே எடுத்ததும் காரணம் தெரிந்தது. செம்பு முனைகளில் பச்சைப் பூப்பு. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை, இரு பருவக்காற்றுகள், எப்போதும் உப்பேறிய காற்று. கண்ணாடி திறந்திருக்கையில் முதலில் நனைவது அதன் கீழேயுள்ள கைப்பிடிச் சுவிட்ச்தான். ஓர் இளைஞர் உடனே எண்ணெய்த் தெளிப்பானை எடுத்து வந்தார். மேஸ்திரி அவர் கையைத் தடுத்தார்: “இதுல எண்ணெய் அடிச்சா இன்னைக்கு ஏறும், ஒரு நாள் எரியும்.”

அவருடைய எச்சரிக்கைக்கு உலகளாவிய சான்று இருப்பதைப் பின்னர் அறிந்தேன். 2012 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் 74.3 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் ஓட்டுநர் கதவின் மாஸ்டர் சுவிட்ச். அதனுள் பூசப்பட்ட மசகு சீராக இல்லாததால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்யக் கடையில் வாங்கிய மசகை ஊற்றினால் சுவிட்ச் உருகவோ புகையவோ கூடும் என்று அந்நிறுவனமே எச்சரித்தது. அதற்கு முன், 2010 சனவரியில், ஹோண்டா நிறுவனம் ஏறத்தாழ 6.46 இலட்சம் ஜாஸ், சிட்டி வண்டிகளைத் திரும்ப அழைத்திருந்தது. ஓட்டுநர் பக்கத்துச் சன்னல் வழியே நீர் புகுந்து மாஸ்டர் சுவிட்ச் தீப்பற்றக்கூடும் என்பது காரணம். தென்னாப்பிரிக்காவில் தீப்பிடித்த அத்தகைய வண்டி ஒன்றில் ஒரு குழந்தை இறந்தபின் வந்த அறிவிப்பு அது. இந்தியாவில் 8,532 சிட்டி வண்டிகள் அதில் அடங்கின. அன்று இந்தியாவில் திரும்ப அழைத்தல் நிறுவனங்களின் விருப்பம் மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தமே அரசுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன.

அச்சிறு பொத்தானின் வரலாறு நெடுக இத்தகைய பாடங்கள் உள்ளன. 1940இல் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் நீரியல் அழுத்தத்தால் கண்ணாடியை இயக்கும் ஏற்பாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1951இல் கிரைஸ்லரின் இம்பீரியல் முழுக்க மின்சாரத்தால் இயங்கும் கண்ணாடியோடு வந்தது. கையால் சுழற்றியவரை மனிதக் கை தடையை உணர்ந்தது. மோட்டாருக்கு அந்த உணர்வு இல்லை. குழந்தைகள் சன்னலில் சாய்ந்து, முழங்காலால் பொத்தானை அழுத்திக் கழுத்து நெரிபட்ட நேர்வுகள் நிகழ்ந்தன. அமெரிக்காவில் 2005இல் இயற்றப்பட்ட போக்குவரத்துச் சட்டம், மேலே இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏறும் வகையில் சுவிட்சுகள் அமைய வேண்டும் என்றது. இன்று நாம் விரல் நுனியால் சுவிட்சை மேல்நோக்கி இழுப்பதன் பின்னால் இவ்வரலாறு இருக்கிறது.

மொழியியல் மாணவனாதலால் சொற்களைப் பற்றி ஒரு பத்தி. பட்டறையில் வழங்கியவை ‘கிளாஸ்’, ‘சுவிட்ச்’, ‘கிளாஸ் மெஷின்’ ஆகிய சொற்கள். கடைசிச் சொல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைக் குறிப்பது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் மின்சுற்றுப் படங்களில் இச்சுவிட்ச் ‘சாவி’. ஈழத்துப் பாடநூல்களில் ‘ஆளி’. சாவி, சன்னல் இரண்டும் போர்த்துகீசியர் தந்தவை. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே சிலப்பதிகாரத்தில் ‘காலதர்’ உண்டு: கால் என்பது காற்று, அதர் என்பது வழி. ஆங்கிலத்தின் ‘விண்டோ’வும் பழைய நார்வேயியத்தில் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் சொல்லின் வழிவந்ததே. சன்னலைப் பெயரிட்டோர் பலர் காற்று உள்ளே வருவதையே எண்ணினர். ஜிர்க்காட்டாங்குக்கு அப்பால் நாம் எண்ண வேண்டியது எதிர்த்திசையை: நம்மிடமிருந்து வெளியே செல்லும் மூச்சுக்காற்றை.

அன்றிரவு புதிய சுவிட்ச் ஊரில் கிடைக்கவில்லை. உதிரிப் பொருள்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து கடல் கடந்து வர வேண்டும். மேஸ்திரி மாற்றுவழி கண்டார். மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, பாட்டரியிலிருந்து ஃபியூஸ் பொருத்திய இரு கம்பிகளை நேரே மோட்டாருக்குக் கொடுத்தார். கண்ணாடி ஏறி முழுதும் அடைந்தது. மோட்டாரின் இணைப்பைக் கழற்றியபடியே விட்டு, தட்டை மூடினார். “இனி நீங்க நினைச்சாலும் இறங்காது” என்றார். மறுநாள் வரிசையில் நாங்கள் சென்றோம். கண்ணாடிக்கு அப்பால் காடு மட்டுமே தெரிந்தது.

இரு வாரங்களுக்குப் பின் சுவிட்ச் வந்தது. மாற்றும் வேலை அரைமணி நேரம்தான். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுதல். பிளாஸ்டிக் நெம்புகோலால் சுவிட்சுத் தட்டைத் தூக்குதல். கம்பியை இழுக்காமல் பூட்டை அழுத்திக் கனெக்டரை விடுவித்தல். கனெக்டரின் முனைகளிலும் பூப்பு இருந்தால் மின்தொடுமுனைக்குரிய துப்புரவுத் திரவத்தால் நீக்கி உலர விடுதல். புதிய சுவிட்சைப் பொருத்தி, மோட்டாரின் இணைப்பையும் மீட்டு, தட்டை மூடும் முன்பே எல்லாக் கண்ணாடிகளையும் இரு திசையிலும் சோதித்தல். தானாக ஏறும் வசதி இருந்தால், கண்ணாடி முழுதும் ஏறியபின் சுவிட்சைச் சில நொடிகள் இழுத்தபடியே வைத்து நினைவூட்ட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடைத்த கண்ணாடி அச்சாலையை நியாயப்படுத்திவிடாது. பெரிய அந்தமானிய மொழிகளுள் ஒன்றான அக்கா-போவின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 சனவரி 26 அன்று மறைந்தார். அம்மொழியைப் பதிவுசெய்த அன்விதா அப்பியின் நூல்களைப் படித்தே நான் இத்துறைக்கு வந்தேன். ஒரு மொழி மறைவதற்கு நோய், குடியேற்றம், சாலை எனப் பல காரணங்கள் உண்டு. நான் அச்சாலையைப் பயன்படுத்தியவன். கடல்வழி செல்ல வாய்ப்பு இருந்தும், நேரம் மிச்சம் என்று சாலையைத் தேர்ந்தவன். அடுத்த கள ஆய்வுக்குக் கப்பலில் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன்.

பழுதைக் கண்டறிவதில் அந்த மேஸ்திரி கற்பித்த முறை ஆய்வுக்கும் பொருந்தும். எது இயங்குகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். அது பாதிக் குற்றவாளிகளை விடுவித்துவிடும். மீதியை அளந்து பார்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றி ஓசையை அடக்குவது தீர்வாகாது. தீவுகளில் பணிபுரிந்த நண்பர்கள் பட்டறைச் சொற்கள் வேறு எவையேனும் அறிந்திருந்தால் பின்னூட்டத்தில் பகிர வேண்டுகிறேன். பிழைகள் இருப்பின் சுட்டிக்காட்டவும்.