டயருக்குள் எவ்வளவு காத்து? ஒரு இலக்கத்தின் வரலாறு

பாரம் ஏற்றுகிற பெரிய பிக்கப் ஒன்றின் டயருக்கு எவ்வளவு காத்து அடிக்கோணும்? டயர் கடைக்காரரிடம் விட்டுவிட வேண்டிய கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் பிக்கப் வாகனங்களின் நாடான அமெரிக்காவில் இந்த இலக்கத்தைச் சுற்றி உயிர்கள் போயிருக்கின்றன, விசாரணைகள் நடந்திருக்கின்றன, ஒரு சட்டமே வந்திருக்கிறது. அந்த இலக்கத்தை யார் தீர்மானிக்கிறார்கள், பிழைத்தால் யார் சாகிறார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்கொட்லாந்துக்காரரான ரொபேர்ட் வில்லியம் தொம்சன். ஆண்டு 1845. அப்போது அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் அதையே திரும்பக் கண்டுபிடித்தார், சைக்கிள்கள் பறக்கத் தொடங்கின. 1895இல் மிஷ்லன் சகோதரர்கள் பாரிஸ் - போர்தோ ஓட்டப் போட்டியில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினார்கள்.

இந்தக் கதையில் எங்கட மண்ணும் இருக்கிறது. ஹென்றி விக்காம் பிரேசிலில் இருந்து கொண்டுபோன இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் 1876இலேயே கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்துவிட்டன. பிறகு டயர்கள் பெருகப் பெருக களுத்துறை, கேகாலைப் பக்கங்களில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்தன. அந்தப் பாலை வெட்டிய கைகளில் மலையகத் தமிழரின் கைகளும் உண்டு.

லொறிகள் மட்டும் கனகாலம் கட்டை இறப்பர் டயரிலேயே ஓடின. காற்று அந்தப் பாரத்தைத் தாங்காது எண்டுதான் பலரும் நினைத்தார்கள். 1917இல் குட்இயர் நிறுவனம் அமெரிக்காவின் அக்ரன் நகரிலிருந்து பொஸ்டனுக்குக் காற்று டயர் லொறி விட்டு அந்த நினைப்பை உடைத்தது. இரண்டாம் உலகப் போரில் இன்னொரு படி. தரையிலும் தண்ணீரிலும் ஓடக்கூடிய ‘டக்’ என்ற அமெரிக்க இராணுவ வாகனத்தில், சாரதி இருந்த இடத்தில் இருந்தே டயர்க் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். கடற்கரை மணலில் குறைத்து, தார் வீதிக்கு வந்ததும் கூட்டுவார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே இலக்கம் சரிவராது என்பதை அந்த வண்டி 1940களிலேயே காட்டிவிட்டது.

ஏன் சரிவராது? பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது இறப்பர் இல்லை, உள்ளே அடைபட்ட காற்று. பெரிய பிக்கப்புகளில் வருகிற டயர் ஒன்றில் 121 எண்டு சுமைக் குறியீடு இருந்தால், அது 1450 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 3200 இறாத்தல் தாங்கும். ஆனால் சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அழுத்தம் இருந்தால்தான் அது தாங்கும். பருமட்டாகக் கணக்குப் பார்த்தால் அந்தச் சுமைக்கு நிலத்தில் 40 சதுர அங்குலம் பதிய வேண்டும். அழுத்தத்தை 40 ஆக்கினால் 80 சதுர அங்குலம் பதிய வேண்டும். அப்போது டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், சூடு ஏறும், கடைசியில் உள்ளே இருக்கிற உருக்குக் கம்பிப் பட்டி கழரும். மறுபக்கம், வெறும் வண்டிக்கு 80 அடித்தால் பின்பக்கம் துள்ளும், நடுப்பகுதி மட்டும் தேயும், ஈர வீதியில் பிடிப்புக் குறையும்.

இனி 26 என்ற இலக்கத்துக்கு வருவோம். 1990இல் சந்தைக்கு வந்த ஃபோர்ட் எக்ஸ்புளோரர், ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்தில் கட்டப்பட்டது. அதன் ஃபயர்ஸ்டோன் டயர்களுக்கு ஃபோர்ட் சொன்ன அழுத்தம் 26. உயரமான அந்த வண்டியின் உறுதிநிலை பற்றிய கவலையும் அந்தத் தெரிவில் இருந்ததைப் பின்னர் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. வெயிலில் வேகமாக ஓடும்போது டயரின் மேற்பட்டி உரிந்தது, வண்டிகள் புரண்டன. 2000 ஓகஸ்டில் 65 இலட்சம் டயர்கள் மீளப்பெறப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் 271 மரணங்கள் இந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன.

ஃபயர்ஸ்டோன் 30 இருந்திருக்க வேணும் எண்டது, ஃபோர்ட் டயர்தான் பிழை எண்டது. கிட்டத்தட்ட நூறு வருட வியாபார உறவு 2001இல் முறிந்தது. அரச விசாரணை டயரில்தான் குறைபாட்டைக் கண்டது. ஆனாலும் 26 என்பது மிச்சம் வைக்காத இலக்கம். மாதக்கணக்கில் தானாகக் கசிகிற காற்றுக்கே அது 20 அளவுக்கு இறங்கிவிடும். வீட்டுக்காரருக்கோ கண்ணால் பார்த்து அது தெரியாது.

அதற்கு முன்பே, 2000 நவம்பரிலேயே புதுச் சட்டம் கையெழுத்தானது: அழுத்தம் குறைந்தால் வண்டியே எச்சரிக்க வேண்டும். முதலில் வந்த விதி, நாலு டயரும் ஒன்றாக இறங்கினால் கண்டுபிடிக்கத் தெரியாத மலிவான முறைக்கும் இடம் கொடுத்தது. பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது, 2003இல் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. சிபாரிசு செய்த அழுத்தத்தில் 25 வீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 2007 செப்டெம்பரில் முழுதாக நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அந்த விதி 4,536 கிலோ மொத்த எடை வரைக்குமான வாகனங்களுக்குத்தான். பின்னுக்கு இரட்டைச் சக்கரம் உள்ளவையும் அதற்குள் இல்லை. ஆகப் பாரமான பிக்கப்புகளில் பல இப்படி வெளியே நின்றுவிட்டன. உற்பத்தியாளர் விரும்பினால் பூட்டலாம், கட்டாயமில்லை. உள்ளே வருகிற வண்டிக்கும் ஒரு கணக்கு இருக்கு: 80 தேவைப்படுகிற டயர் 60க்கு இறங்கும் வரை விளக்கு பேசாமல் இருக்கலாம். முழுப் பாரத்தோடு 62இல் ஓடுகிறவருக்கு ஒரு சொல்லும் வராது.

அதனால் பெரிய பிக்கப் ஓட்டுகிறவருக்கு வேலை திரும்பவும் கையிலேயே வருகிறது. டயரின் பக்கத்தில் இருக்கிற இலக்கம் அதன் உச்சச் சுமைக்கான அழுத்தம், உங்கட வண்டிக்கான விடை அல்ல. கதவு நிலையில் ஒட்டியிருக்கிற தாளில் இருப்பதுதான் தொடங்க வேண்டிய இடம். முழுப் பாரம் ஏற்றினால் அதற்குக் கீழே போகக்கூடாது. மற்ற நேரங்களுக்கு, வழமையான சுமையோடு முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்து, ஒரு டயருக்கு எவ்வளவு வருகிறது எண்டு பிரித்து, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்க்கலாம். அளப்பது காலையில், ஓட முன்னர், டயர் குளிராக இருக்கும்போது.

271 பேரில் பெரும்பாலானோருக்குத் தங்கட டயரின் இலக்கத்தை யார், எதற்காகத் தெரிந்தெடுத்தார்கள் எண்டு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சொகுசு, விலை, உறுதிநிலை, பாதுகாப்பு எல்லாவற்றையும் யாரோ ஒரு மேசையில் நிறுத்துப் பார்த்துத்தான் அப்படியொரு தாளை அச்சடிக்கிறார்கள். அந்தத் தாளை வாசிக்கத் தெரிவதும், தேவைப்பட்டால் அதைக் கேள்வி கேட்பதும் ஓட்டுகிறவரின் உரிமை.