தாமே கற்ற காவிரிக்கரை அறிஞர்கள்

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையில் உள்ளது திருப்பனந்தாள். இவ்வூர்ச் சிவன் கோயிலின் தலமரம் பனை. ஊரின் பெயரிலும் பனை இருக்கிறது. அச்சுப் புத்தகம் பரவுவதற்கு முன் தமிழ் மாணவன் கையில் இருந்த நூல் பனையோலைதான். குமரகுருபரர் மரபில் வந்த காசி மடம் இவ்வூரில் நிலைபெற்றுத் தமிழ்க் கல்விக்குத் துணைநின்று வருகிறது. கும்பகோணம், திருவாவடுதுறை, மாயூரம் என, 19-ஆம் நூற்றாண்டில் தமிழ் தழைத்த ஊர்கள் பலவும் இங்கிருந்து ஒருநாள் நடைத் தொலைவில் உள்ளவை.

வீட்டில் தந்தையோ ஆசிரியரோ வகுத்துக் கொடுக்கும் பாடத்தைப் படித்து வரும் பிள்ளை, தன் பாடத்தைத் தானே தேர்ந்து கற்கும் நிலையை எப்போது அடைகிறது? எப்படி அடைகிறது? பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் சிலர் இன்று இக்கேள்வியைக் கேட்கின்றனர். இதற்குக் காவிரிக்கரையின் வரலாற்றில் தெளிவான விடைகள் உண்டு.

வீடே பள்ளி

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 12,498 பள்ளிகளில் ஏறத்தாழ 1,88,000 பிள்ளைகள் படித்தனர். இக்கணக்கில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. சென்னை நகரில் வீட்டிலேயே கற்ற சிறுவர்கள், பள்ளியில் கற்றோரைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம் என்று அந்நகர ஆட்சியர் தெரிவித்திருந்தார். அந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும், உறவினரிடமோ தனி ஆசிரியரிடமோ வீட்டில் கற்போர் தொகை பெரிது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார்.

இதை எண்ணிப் பூரித்துவிடவும் கூடாது. அக்காலப் பள்ளிகளில் பெண்கள் மிகச் சிலரே. சாதியால் ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணையும் எட்டவில்லை. கற்பிக்க வல்லவர் வீட்டில் இருந்தாலன்றி வீட்டுக் கல்வி இல்லை. எல்லாருக்கும் பொதுவான பள்ளி வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம்.

வகுத்த பாடமும் மூன்று பழக்கங்களும்

அந்நாளைய தொடக்கக் கல்வியில் பிள்ளையின் விருப்பத்துக்கு இடமில்லை. மணலில் விரலால் எழுதுவதில் தொடங்கி, அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி, நிகண்டு என்று வரிசை மாறாமல் பாடம் நடக்கும். பொருள் விளங்குமுன் பாட்டு மனப்பாடமாகிவிடும்.

இம்முறையின் குறைகள் வெளிப்படை. ஆனால் அது மூன்று பழக்கங்களை ஊன்றியது. முதலாவது, கற்றதை நினைவில் நிறுத்துதல். இரண்டாவது, ஏட்டைப் பார்த்துப் பிழையின்றிப் படி எடுத்தல். மூன்றாவது, தான் கற்றதை மற்றவனுக்குச் சொல்லிக்கொடுத்தல். சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் வழக்கம் எல்லாரும் அறிந்ததே. மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் இத்தகைய முறையைச் சென்னை எழும்பூரின் அனாதைப் பள்ளியில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1797-இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். பிறகு அது ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

இம்மூன்று பழக்கங்களும் பின்னாளில் என்ன பயன் தந்தன என்பதை இருவர் வாழ்க்கையில் காண்போம்.

துறவியைத் தொடர்ந்த இளைஞர்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-இல் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பிறந்தார். தந்தை சிதம்பரம் பிள்ளையே அவருடைய முதல் ஆசிரியர். தந்தையோ மகன் இளைஞனாக இருந்தபோதே காலமானார். வகுத்துக் கொடுத்த பாடம் அத்துடன் நின்றது.

இனி எதைக் கற்பது, யாரிடம் கற்பது என்பதை அந்த இளைஞரே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அவர் திருச்சிக்குச் சென்று, ஒவ்வொரு நூலுக்கும் அதில் வல்லவரைத் தேடிப் பிடித்தார். ஓரிடத்தில் ஒரு நூல், வேறிடத்தில் வேறு நூல் என்று அவர் கல்வி வளர்ந்தது. தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் வீடு வீடாகப் பிச்சை ஏற்று வந்தார். அவர் போகுமிடமெல்லாம் உடன் சென்று, பணிவிடை செய்து, பிள்ளை அந்நூலைக் கற்றுக்கொண்டதை உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியரின் வரலாற்று நூலில் எழுதியுள்ளார்.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. தானே கற்பது என்றால் ஆசிரியரே இல்லாமல் கற்பது என்று பொருளில்லை. ஆசிரியரைத் தேடும் பொறுப்பு பெற்றோரிடமிருந்து மாணவன் கைக்கு மாறுகிறது, அவ்வளவே.

ஒரு கேள்வி செய்த மாற்றம்

சாமிநாதையர் 1855-இல் சூரியமூலையில் பிறந்தார்; அவருடைய சொந்த ஊர் பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். மகனுக்குத் தமிழில் இருந்த ஆர்வத்தைக் கண்ட தந்தை, ஆசிரியர் இருக்கும் ஊருக்குக் குடும்பத்தையே கொண்டு சென்றார். அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர் ஊராகக் கல்வி நடந்தது. 1871-இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, 1876-இல் அவர் மறையும் வரை உடனிருந்து கற்றார். ஆசிரியர் பாடல் இயற்றிச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதுவார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் தொடர்ந்தது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி கிடைத்தது. கல்வி நிறைவுற்றது என்று யாரும் கருதத்தக்க நிலை அது.

அவ்வாண்டு அக்டோபரில் அவர், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியல் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றால் என்ன பயன், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். பிறகு சீவக சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தார்.

அந்நூலை ஐயர் யாரிடமும் பாடம் கேட்டதில்லை. சமண சமயச் செய்திகள் நிறைந்த அக்காப்பியம் அவருக்குப் பல இடங்களில் விளங்கவில்லை. அப்போது பழைய பழக்கங்கள் கைகொடுத்தன. பல பிரதிகளைச் சேர்த்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டார். படி எடுத்துப் பழகிய கண் பிழையைக் கண்டது. முதலியாருக்குப் பாடம் சொல்லும்போது தமக்கு விளங்காத இடங்கள் தெரியவந்தன. நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட அடிகள் மனத்தில் பதிந்திருந்தன. திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் கிடைத்தபோது அவ்வடிகளின் இருப்பிடம் புலனாயிற்று. சமயச் செய்திகளுக்குக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே சென்று கேட்டறிந்தார்; சந்திரநாத செட்டியார் என்பவர் ஐயங்களைத் தீர்த்துவைத்தார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) என்று வரிசையாக நூல்கள் வந்தன.

பாடம் சொல்ல ஆள் இருந்தவரை பட்டியல் வளர்ந்தது. விடை தெரியாத கேள்வி ஒன்று வந்த பிறகே ஆராய்ச்சி பிறந்தது.

துணையின்றிக் கற்ற கணித மேதை

ஐயர் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அதே ஆண்டில் கும்பகோணத்துப் பள்ளி மாணவர் ஒருவர் கையில் கார் என்பவரின் கணித நூல் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 தேற்றங்களை, பெரும்பாலும் நிறுவல் இன்றி, அடுக்கிச் சொல்லும் நூல் அது. நிறுவல்களைத் தாமே காண முனைந்த அம்மாணவர்தான் இராமானுசன்.

நூல் அவரைத் தூண்டியது. ஆனால் உடன் நின்று கேட்பாரும் திருத்துவாரும் இல்லை. 1904-இல் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றவற்றைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். ஐரோப்பாவில் முன்பே கண்டறியப்பட்ட முடிவுகள் பலவற்றை மீண்டும் கண்டறிவதில் அவர் காலம் கழிந்தது. 1913-இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய பிறகே ஒத்த அறிவினரின் துணை வாய்த்தது. பகா எண்கள் பற்றிய அவர் முடிவுகள் சிலவற்றில் பிழை இருப்பதை ஹார்டி எடுத்துக்காட்டினார். மேதைக்கே இந்நிலை என்றால் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வரலாறு காட்டும் வழி

இன்று, 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக, பள்ளிக்குச் செல்லாதவரும் பொதுத்தேர்வு எழுதலாம். ஆதலால் வீட்டுக் கல்வியை மேற்கொள்வோர், வகுத்த பாடத்தை என்று கைவிடலாம் என்று நாள் பார்க்கின்றனர். ஒரே நாளில் பாடத்தை நிறுத்திவிட்டு, பிள்ளை இனித் தானே கற்கும் என்று காத்திருப்பதற்கு மேற்கண்ட வாழ்க்கைகள் சான்று தரவில்லை. நெல்லை நாற்றங்காலில் வளர்த்து, வேர் பிடித்த பருவத்தில் பறித்து, சேறாக்கிய வயலில் நடுகிறோம். நட்ட பின்னும் தண்ணீர் வேண்டும். நினைவு, படியெடுத்தல், பிறருக்குச் சொல்லுதல் என்னும் பழக்கங்கள் வேர். நல்ல கேள்வி ஒன்று நடவு. ஐயம் கேட்க ஆள் இருப்பது தண்ணீர்.

குமரகுருபரரின் நூல்களைத் தொகுத்து ஆராய்ந்து சாமிநாதையர் அமைத்த பதிப்பு, திருப்பனந்தாள் காசி மடத்தின் ஆதரவில் 1939-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 84. பாடம் சொன்ன ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாணவரின் கற்றல் நிற்கவில்லை.