ஆக்சிஜன் சொல்லிக்கொடுத்த பாடம்

1942-ல பாஸ்டன் டாக்டர் டெர்ரி, குறைமாசக் குழந்தைகள் பார்வை இழப்பதைப் பதிவு பண்ணினார். காரணம்? உயிர் காக்க இன்குபேட்டர்ல தாராளமா கொடுத்த ஆக்சிஜன்! 1953-54 ஆய்வு அதை உறுதி செய்றதுக்குள்ள உலகம் முழுக்க சுமார் 10,000 பிஞ்சுகளுக்குப் பார்வை போயிடுச்சுங்க.

இந்த நோயில விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறா வளரும். புற்றுநோய் மருந்தான பெவாசிசுமாப்பை கண்ணுக்குள்ள ஊசியா போட்டா அடங்குது. விழித்திரையின் நடுப்பகுதியில வந்த நோய்க்கு லேசரை விட மேல்னு 2011-ல 150 குழந்தைகள்கிட்ட நடந்த ஆய்வு சொல்லிச்சு. ஆனா ஊசி மருந்து ரத்தத்துலயும் கலக்குது. அது பாதுகாப்பானதான்னு சொல்ல 150 பேர் போதாதுன்னு ஆய்வாளர்களே எழுதினாங்க.

எனக்கு அந்த வரிதான் பிடிச்சது. ஆக்சிஜனும் நல்லெண்ணத்துல கொடுத்ததுதானே? பார்வை பிழைச்சா மட்டும் போதாது. அந்தக் குழந்தை வளர்றதையும் கூடவே இருந்து பார்க்கணும். என்ன சொல்றீங்க மக்களே?