ஊரகப் பள்ளிக் கட்டடங்கள் (தமிழ்நாடு)

தமிழகச் சிற்றூர்களில் அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்கான திட்டமிடலும் நிதி ஏற்பாடும் ஒரே துறையின் கையில் இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தாலுகா, ஜில்லா போர்டுகள் பள்ளிகளை நடத்தின. 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் கல்வி வரி விதிக்க வழி செய்தது. ஆனாலும் ஏராளமான ஊர்களில் பள்ளி என்பது திண்ணையாகவோ சத்திரமாகவோ கீற்றுக் கொட்டகையாகவோதான் இருந்தது.

காமராசர் ஆட்சியில் சிற்றூர்கள்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டபோது, ஆசிரியர் சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கிய அரசிடம் கட்டடத்துக்கு மிச்சம் குறைவு. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு ஊர்மக்களிடமே விடை தேடினார். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், பள்ளிக்கு என்ன தேவை என்ற பட்டியல் முதலில் ஊரார் முன் வைக்கப்பட்டது. நிலம், ஓடு, பெஞ்சு, கடிகாரம், ரொக்கம் என அவரவரால் இயன்றதை மக்கள் தந்தார்கள். தமிழகக் கல்வி வரலாற்றில் பெருமிதத்தோடு நினைக்க வேண்டிய முயற்சி இது. ஆனால் நன்கொடையை நம்பிய திட்டத்தில் வசதி படைத்த ஊருக்கு ஓட்டுக் கட்டடமும் கூலிவேலை செய்வோரின் ஊருக்குக் கொட்டகையும் வாய்ப்பது இயல்பு.

அதே 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தால் ஜில்லா போர்டுகள் மறைந்து ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. தொடக்கப் பள்ளிகள் அவற்றின் வசம் சென்றன. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாயினர். கட்டடங்களோ ஒன்றியத்திடமே தங்கிவிட்டன. தலைமையாசிரியர் கல்வித் துறைக்குக் கட்டுப்பட்டவர். ஒழுகும் கூரைக்கு மதிப்பீடு போடும் பொறியாளர் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவர். பழுது பார்ப்பதில் நேரும் தாமதத்துக்கு இந்தப் பிளவே பெரும் காரணம்.

நடுவண் அரசின் கரும்பலகைத் திட்டம் (1987) ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் இரண்டு அறைகள், வராந்தா, கழிப்பறை என்று அளவுகோல் வகுத்தது. பாடக்கருவிகளுக்கும் கூடுதல் ஆசிரியருக்கும் தில்லி பணம் தந்தது. கட்டடச் செலவோ பெரும்பாலும் ஊரக வேலைவாய்ப்புத் திட்டங்களின் தலையில் விழுந்தது. 1989இல் வந்த ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் செலவில் 60 விழுக்காடு கூலியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஏரியைத் தூர்வாரும் வேலைக்கு அது பொருந்தும். சிமென்டும் கம்பியும் செங்கலும் விழுங்கும் வகுப்பறைக்கு எப்படிப் பொருந்தும்?

2001 வாக்கில் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் கட்டுமானத்துக்கு மொத்த நிதியில் 33 விழுக்காடு வரை அனுமதித்தது. நடுவண் அரசின் பங்கு முதலில் 85 விழுக்காடு. பின்பு 75 ஆகிப் படிப்படியாகக் குறைந்தது. ஒப்பந்தக்காரரைத் தவிர்த்துக் கிராமக் கல்விக் குழுவே கட்டடம் எழுப்ப வேண்டும் என்றது இத்திட்டம். சீரமைப்பு மாநாடுகளுக்குப் பிறகு ஊர்மக்கள் மறுபடியும் பள்ளிச் சுவருக்கு உரிமையாளரானது இப்போதுதான். இம்முறை பணம் அரசுடையது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு நபார்டு வங்கிக் கடனில் பொதுப்பணித் துறை கட்டடங்களைக் கட்டியது.

2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகியது நகரத்துத் தனியார் பள்ளியில்தான். ஆயினும் கீற்றுக் கூரையை எல்லாப் பள்ளிகளிலிருந்தும் அகற்றும் கட்டாயம் அதன்பின்னரே வந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் ஆகியவற்றைச் சட்டத் தேவைகளாக்கியது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தனர். மாநிலமெங்கும் பழுதான கட்டடங்கள் கணக்கெடுத்து இடிக்கப்பட்டன. இடிக்கும் வேகத்தில் புதியவை எழவில்லை. பல ஊர்களில் வகுப்புகள் மரத்தடிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் மாறின. 2022இல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்டது. ஒன்றியப் பள்ளிகளின் வகுப்பறைகளை இன்றும் ஊரக வளர்ச்சித் துறைதான் கட்டுகிறது.