கணக்கில் ஏறிய உழைப்பும் ஏறாத உழைப்பும்



"நாட்டில் இத்தனை விழுக்காட்டினருக்கு வேலை இல்லை" என்று வானொலிச் செய்தியில் கேட்கிறோம். "எப்போ வந்து நம்மள எண்ணினாங்க?" என்று நம்மவர் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அந்தக் கணக்கு வளர்ந்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

சிங்கப்பூரில் முதல் குடிமதிப்பு 1824ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எடுக்கப்பட்டது. மொத்தம் 10,683 பேர். அவர்களுள் இந்தியர் 756 பேர். அது வெறும் தலைக்கணக்கு. 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்பு நடந்தது. உலகப் போரினால் 1941இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய் 1947இல்தான் நடந்தது.

தொழிலாளரை நாள்தோறும் எண்ணியவர் வேறொருவர். அவர்தாம் தோட்டத்துக் கிராணியார். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று செக்ரோலில் குறிப்பார். அந்தப் புள்ளியில்தான் கூலி அடங்கியிருந்தது. 1907இல் மலாயாவில் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளர் செய்த வேலைநாட்களுக்கு ஏற்ப முதலாளிமார் அந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆட்களைக் கப்பலேற்றி வரவழைக்கும் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆகவே நம் முன்னோர் உழைத்த நாட்கள் சர்க்கார் கணக்கிலும் ஏறின. அவர்களுடைய நலம் அறிய எழுந்த கணக்கன்று அது. ஆள் தேவையை நிறைவு செய்ய எழுந்த கணக்கு.

அதன் குறை 1930ஆம் ஆண்டு முதல் வெளிப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை விழுந்தது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலை இழந்தனர். அவர்களைப் பெருந்தொகையாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இந்தச் சமயத்தில்தான் எடுக்கப்பட்டது. ஊருக்குப் போய்விட்டவனை யார் எண்ணுவது? வேலை போனவன் வேலையில்லாதோர் பட்டியலில் ஏறவில்லை, கப்பலில் ஏறினான். ஏட்டில் துன்பம் குறைந்தது. கிராமத்தில் அது கூடியது.

இன்றைய முறை என்ன? 1974 முதல் சிங்கப்பூரில் தொழிலாளர் ஆய்வு நடந்து வருகிறது. குடிமதிப்பு போன்ற பெரிய கணக்கெடுப்பு நடந்த சில ஆண்டுகளே விதிவிலக்கு. எல்லா வீட்டையும் கேட்பதில்லை. ஏறக்குறைய 33,000 வீடுகளைத் தேர்ந்து கேட்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? ஆனால் பானையைக் கிளறாமல் மேலாக எடுத்த சோறு பதம் சொல்லாது. அதனால்தான் வீடுகளைக் குலுக்கல் போல, ஒருவர் விருப்பத்துக்கு இடமின்றித் தேர்கிறார்கள்.

பதினைந்து வயதோ அதற்கு மேலோ ஆனவர் ஆய்வுக் காலத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்திற்கோ, இலாபத்திற்கோ உழைத்திருந்தாலும் வேலையில் இருப்பவரே. கணவரின் தோசைக் கடையில் கூலியின்றி மாவாட்டும் மனைவியும் வேலையில் இருப்பவரே. வேலை இல்லாமல், வேலைக்குத் தயாராக இருந்து, தேடவும் செய்பவர்தாம் வேலையில்லாதவர். "தேடித் தேடி அலுத்துப்போச்சு, விட்டுட்டேன்" என்பவர் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார். இல்லத்தரசியின் ஓயாத உழைப்பும் இதில் சேராது.

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும் நம் ஊர்த் தம்பிமார்களைப் பாருங்கள். இது வீடுகளில் எடுக்கப்படும் ஆய்வு. தங்குவிடுதியிலும் கட்டுமானத் தளத்திலும் இருப்போர் இதில் இல்லை. அவர்களை வேலை அனுமதிப் பதிவேட்டில் எண்ணுகிறார்கள். 2020இல் கொரோனா காலத்தில் குடியிருப்பாளரிடையே வேலையின்மை 4.1 விழுக்காடு என்றார்கள். அதே ஆண்டில், வீட்டுப் பணியாளர்களைச் சேர்க்காமலே, வேலையில் இருந்த வெளிநாட்டவரின் எண்ணிக்கை ஏறக்குறைய 180,000 குறைந்தது. இரண்டு எண்களும் உண்மையே. முதல் எண்ணை மட்டும் படிப்பவருக்கு இரண்டாவது கதை தெரியாமலே போகும். 1931ஐயும் இதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

எனவே, எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: யாரை எண்ணினார்கள்? எப்போது எண்ணினார்கள்? யாரை விட்டார்கள்?

பெற்றோர்களே! கணக்கெடுப்பவர் கதவைத் தட்டினால் "நமக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்காதீர்கள். பகுதி நேர வேலையானாலும் கூச்சப்படாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாம் சொல்லாத உழைப்பு நாட்டுக் கணக்கில் இல்லாத உழைப்பாகிவிடும். மாணவச் செல்வங்களே! கணக்குப் பாடத்தைக் கசப்பென்று தள்ளாதீர்கள். நம் பாட்டன்மாரைப் பிறர்தாம் எண்ணினார்கள். நாளை எண்ணும் இடத்திலும், அந்த எண்ணுக்குப் பொருள் சொல்லும் இடத்திலும் நீங்கள் அமர வேண்டும்.