கொங்காணி

மழைக்காலத்தில் எங்க ஊருக்கு வர்ற பட்டணத்துப் பிள்ளைங்க மெத்து மெத்துன்னு ஒரு மேல்சட்டை போட்டு வர்றாங்க. ஃபிளீஸ்னு பேராம். தொட்டா ஆட்டு ரோமம் மாதிரி இருக்கு, ஆனா முழுக்க பாலியஸ்டர். 1979-ல் அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் என்கிற ஆலை கொண்டுவந்தது. எங்களுக்கும் மழைக்கும் குளிருக்கும் ஒரு மேல்சட்டை இருந்தது. வீட்டிலேயே செஞ்சுக்குவோம். அதுதான் கொங்காணி, சாக்குக் கொங்காணி.

கம்பளி ஏன் இல்லைன்னு கேட்பீங்க. கோடையில் எங்க வயல்ல கிடை போட ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஓட்டி வர்ற ஆட்டுக்கு முடிதான், கம்பளி ரோமம் கிடையாது. திருச்சிப் பக்கத்துக் கருங்குறும்பை ஆட்டு ரோமத்தில்தான் கம்பளி நெய்வாங்க. அதைக் காசு கொடுத்து வாங்கணும். சாக்குக்குக் காசு வேண்டாம்.

ஒரு கோணிச் சாக்கை எடுத்து, அடிப்பக்கத்து ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள்ளே தள்ளினா கூம்பு மாதிரி வரும். அதைத் தலையில் மாட்டினா மிச்சம் முதுகில் தொங்கும். பழைய நூறு கிலோ சாக்குன்னா முழங்கால் வரைக்கும் மூடும். குனிஞ்சு நடவு நடுறவங்களுக்குக் குடை உதவாது, ரெண்டு கையும் வேணும். நனைஞ்சதும் சணல் ஊதி இழை நெருங்கிக்கும், தண்ணி முதுகோட வழிஞ்சு ஓடும். கனம்தான், ஆனா உள்ளே கதகதப்பு. பிள்ளைகளுக்கு அரைச் சாக்கை வெட்டி, கோணி ஊசியால் தைச்சு, கழுத்தில் கயிறு வைப்பாங்க. ராத்திரி அடுப்பு மேல கொடியில் காயப் போட்டா வீடே புகையும் சணலுமா மணக்கும்.

இது ஆதிகாலத்து உடுப்பு இல்லை. கல்கத்தா பக்கம் ரிஷ்ராவில் 1855-ல் முதல் சணல் ஆலை வந்த பிறகுதான் சாக்கு ஊர் ஊரா மலிவா வந்தது. அதுக்கு முன்னால் ஓலைக்குடைதான்.

என் தாத்தா பண்ணையாள். மிராசுதார் குடை வரப்பில் தெரிஞ்சதும் கொங்காணியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டு நனையணுமாம், தலை மூடி நிக்கக் கூடாதாம். 1943-ல் பி. சீனிவாசராவ் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்து விவசாய சங்கம் கட்டினார். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாதுன்னு எழுதி வாங்கினாங்க. அந்த வருஷத்து மழையில்தான் தாத்தா கழற்றாம நின்னாராம். "கால் வெடவெடன்னுச்சுடா, குளிரில்லை" என்பார்.

1977 நவம்பர் 12, நாகப்பட்டினத்துப் புயல். ஓடு பறந்து போச்சு. வீட்டில் இருந்தது ஒரே கொங்காணி. அம்மா அதை எனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டு, விடியற வரைக்கும் வெறும் சேலையில் நின்னாங்க. அதுக்கப்புறம் நாலைஞ்சு மாசம் இருமல் விடலை.

பிறகு யூரியா சாக்கு வந்தது. சொட்டு இறங்காது, ஆனா உள்ளே வேர்த்து ஒழுகும்.

போன கார்த்திகையில் வாய்க்கால் அடைப்பெடுக்க நான் கோணிச் சாக்கைத்தான் மாட்டிக்கிட்டுப் போனேன். பார்த்த பேத்தி தனக்கும் ஒண்ணு கேட்டா. தைச்சுக் கொடுத்தேன். "தாத்தா, கழுத்தை அரிக்குது"ன்னா. உள்ளே பழைய வேட்டித் துணி வைச்சுக் கொடுத்திருக்கேன்.