செவிலி, தாதி, டிரசர்: தொற்றுக் காலத்தின் மூன்று சொற்கள்



நோயாளியைப் பேணுபவரைத் தமிழ்நாட்டார் செவிலியர் என்பர். மலேசியாவில் நாம் தாதி என்கிறோம். சங்க அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்த தாய். தாதியோ பழைய வழக்கில் வளர்ப்புத் தாயையும் பணிப்பெண்ணையும் குறித்தது. இவ்விரு சொற்களின் பொருளில் மருந்து இல்லை. உடனிருந்து பேணுதலே உண்டு. செரண்டா முதல் கோலசிலாங்கூர் வரை பரந்திருந்த தோட்டங்களிலோ மூன்றாவதாக ஒரு சொல் வழங்கிற்று: டிரசர். காயத்திற்குக் கட்டுப் போடுபவர் என்பதே அதன் நேர்ப்பொருள்.

1918 அக்டோபரில் இன்ஃபுளுவென்சா மலாயாவைக் கடுமையாகத் தாக்கியது. தோட்டத் தொழிலாளரிடையே உயிரிழப்பு மிகுதி. ஒரே கூரையின்கீழ் நெருங்கி வாழ்ந்த லயங்களில் மூச்சுவழி பரவும் நோய்க்குத் தடை ஏது? மனிதரிடமிருந்து அவ்வைரஸ் பிரித்தறியப்பட்டது 1933இல்தான். காய்ச்சலைத் தொடர்ந்து நுரையீரலைத் தாக்கிய பாக்டீரியாத் தொற்றே பலரைக் கொன்றது. அதற்குப் பெனிசிலினும் அன்று இல்லை.

கட்டுப் போடும் காயம் இல்லாத நோய் அது. செய்யக்கூடியவை சிலவே: நோயாளியைத் தனியே கிடத்துதல், காற்றோட்டம் தருதல், நீரும் கஞ்சியும் ஊட்டுதல், மூச்சைக் கவனித்தல். இவை மருந்துக்குத் துணையான பணிகள் அல்ல. அன்றைய மருத்துவமே இவைதாம். டிரசர் என்ற பெயர் தாங்கியவர் செய்ய வேண்டியிருந்தது செவிலியின் பணியையே.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது சுங்கை பூலோ மருத்துவமனைத் தாதியரும் இப்பணிகளையே செய்தனர். உயிர்வளிக் கருவியும் முழுக் கவச உடையும் புதியவை. உறவினர் நெருங்க முடியாத படுக்கையருகே தாதி மட்டுமே நின்றார். பிறரை விலக்கி வைத்துத் தொற்றைத் தடுப்பதும், விலகாமல் தாம் நின்று பேணுவதும் அவருக்கு ஒரே கடமையாயின.

மாணவர்களே, 1918ஐக் கண்டவர் இன்று நம்மிடையே இல்லை. ஆயின் மெர்டேக்கா ஆண்டான 1957இல் பரவிய ஆசியக் காய்ச்சலைச் சிறுவயதில் கண்ட முதியோர் சிலர் உளர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் டிரசர் என்ற சொல்லும் அவர்களோடு மறைந்து வருகிறது. அவர்களிடம் சென்று, யார் கஞ்சி கொடுத்தார், அவரை எப்படி அழைத்தீர்கள் என்று கேளுங்கள். விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். பேணியவர்களின் வரலாறு அச்சொற்களில்தான் எஞ்சியுள்ளது.